ஆஸ்டீரியாஸ் கள்ளியைப் பூக்க வைப்பது எப்படி? வாங்குவது முதல் விதை போடுவது வரை முழுமையான வழிகாட்டி

"கள்ளிதானே, தண்ணீரே வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கும்" என்று சொல்லித்தான் பெரும்பாலான நர்சரிகளில் கையில் கொடுக்கிறார்கள். இருக்கும்தான், ஆனால் பூக்காது. வறட்சியைத் தாங்குவது வேறு, வறட்சியில் செழிப்பது வேறு. வறண்ட நிலத்துக் கள்ளி, மழை பெய்கிற சில வாரங்களில் வயிறு முட்டக் குடித்துக்கொண்டு, அந்த இருப்பை வைத்தே வளர்ந்து, பூத்து, விதை போட்டு முடிக்கிற செடி. தொட்டியிலும் அதற்கு அதே சுழற்சி வேண்டும். ஊற்றினால் அடிவரை நனைய வேண்டும். நனைந்தது சீக்கிரம் முழுதாகக் காய வேண்டும். கீழே வரப்போகும் மண்கலவை, தொட்டி, நிழல்வலை, மழைக்கூரை எல்லாமே இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

கேக்டஸ் குடும்பத்தில் 1,500க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பக்குவம் சொல்ல முடியாது. அதனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: அஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ். வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'ஆஸ்டீரியாஸ்' என்பார்கள். முள் கிடையாது, குழந்தைகள் ஓடியாடும் வீட்டிலும் பயமில்லை. உள்ளங்கை அளவு இடம் போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், பூப்பதற்கு அது கடுங்குளிர் கேட்பதில்லை. ரெபூட்டியா, லோபிவியா போன்ற தென்னமெரிக்க மலைக்கள்ளிகள் குளிரில் ஓய்வெடுக்காமல் சரியாக மொட்டு வைக்காது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டுக்காரர்கள் அவற்றை வளர்க்கலாம். சென்னைக்கும் மதுரைக்கும் அவை சரிப்படாது. சமவெளியில் இருப்பவர்கள் முதன்முதலில் வாங்க வேண்டிய பூக்கும் கள்ளி ஆஸ்டீரியாஸ்தான் என்பது என் உறுதியான கருத்து.

சொந்த ஊர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

இதன் சொந்த ஊர் வடகிழக்கு மெக்சிகோவின் தமௌலிபாஸ், நுவோ லியோன் மாநிலங்களும், எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள ஸ்டார் கவுன்டியும். 1843இல் கார்வின்ஸ்கி என்ற பயணி இதைச் சேகரித்தார். 1845இல் தாவரவியலாளர் சுக்காரினி விவரித்து எழுதினார். அதன்பின் ஐரோப்பியத் தோட்டங்களில் நெடுங்காலம் காணாமல் போயிருந்த செடியை, செக் நாட்டுக் கள்ளி வேட்டைக்காரர் ஆல்பர்ட்டோ ஃப்ரிச் 1923இல் மெக்சிகோவில் மறுபடி கண்டுபிடித்தார். இன்று உலகம் முழுக்கத் தொட்டிகளில் லட்சக்கணக்கில் வளர்கிறது; சொந்த மண்ணில் குறைந்துகொண்டே வருகிறது. அமெரிக்கா 1993இல் இதை அழியும் நிலையில் உள்ள இனம் என்று அறிவித்தது. சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. பெயோட்டே என்ற இன்னொரு முள்ளில்லாக் கள்ளியும் அதே காட்டில் வளர்வதால், அதைத் தேடிப் போகிறவர்கள் இதையும் தவறுதலாகப் பிடுங்கிவிடுவது உண்டு. ஆகவே, "காட்டிலிருந்து வந்த அசல் செடி" என்று யாராவது பெருமையாக விற்றால் வாங்காதீர்கள். விதையில் வளர்த்த செடிதான் நமக்கு வேண்டும், நம் தட்பவெப்பத்துக்கும் அதுதான் பழகும்.

வளர்ப்பவருக்கு அந்த ஊரைப் பற்றி இரண்டு செய்திகள் முக்கியம். முதலாவது, அங்கே கோடையில் வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. ஆனால் ஆஸ்டீரியாஸ் பொட்டல் வெயிலில் நிற்பதில்லை. முட்புதர்களின் ஓரத்தில், சல்லடை நிழலில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. அந்தப் புதர்களில் முக்கியமானது மெஸ்கீட் மரம். நம் ஊர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். சீமைக்கருவேல நிழல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்கு இந்தச் செடிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, அங்கே ஆண்டு முழுக்கப் பெய்வது ஏறக்குறைய 500 மில்லிமீட்டர். சென்னையில் சுமார் 1,400 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். நம் வெயிலைக் கண்டு இந்தச் செடி பயப்படாது. ஐப்பசி அடைமழைதான் அதற்கு எமன்.

வாங்கும்போது

மேலிருந்து பார்த்தால் உரித்த ஆரஞ்சுச் சுளைகளை அடுக்கி வைத்ததுபோல எட்டுக் கூறுகள் தெரிய வேண்டும். ஒவ்வொரு கூறின் நடுவிலும் வரிசையாகப் பஞ்சுப் பொட்டுகள். அவற்றுக்குத்தான் ஏரியோல் என்று பெயர். பூ வருவதும் அங்கிருந்துதான். தோல் முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். இதே உருவத்தில், எட்டுக் கூறோடு, தென்னாப்பிரிக்காவின் யுஃபோர்பியா ஒபீசாவும் கடைகளில் 'கேக்டஸ்' என்று உட்கார்ந்திருக்கும். அதில் பஞ்சுப் பொட்டு இருக்காது, கீறினால் பால் வடியும். சதுரக்கள்ளி, திருகுகள்ளி இனத்தைச் சேர்ந்தது அது. அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. அழகான செடிதான், ஆனால் இங்கே சொல்லும் பக்குவம் அதற்கு அல்ல.

செடியை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேர் இல்லை. அடிப்பாகத்தில் பழுப்பு நிறம் இருந்தால் தொட்டுப் பாருங்கள்: மரப்பட்டைபோல் கெட்டியாக இருந்தால் வயதின் அடையாளம், கவலையில்லை, அமுங்கினால் அழுகல், வாங்க வேண்டாம். நடுக்குருத்து சுத்தமாக, பஞ்சு வெள்ளையாக இருக்க வேண்டும். தட்டையான செடி நல்ல வெளிச்சத்தில் வளர்ந்தது. கூம்பாக மேலே எழும்பியிருந்தால் இருட்டில் கிடந்தது என்று அர்த்தம். பளபளவென்று ஒரு காகிதப் பூ உச்சியில் இருந்தால் லேசாக இழுத்துப் பாருங்கள். பசை வைத்து ஒட்டிய உலர்பூவாக இருக்கலாம். அந்தப் பசை குருத்தையே கெடுத்துவிடும்.

ஒட்டுச்செடியா, சொந்த வேர்ச் செடியா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். டிராகன் பழத் தண்டில் ஒட்டியது வேகமாக வளரும், சீக்கிரம் பூக்கும், நம் ஈரத்தையும் ஓரளவு தாங்கும். ஆனால் சில ஆண்டுகளில் அந்தத் தண்டு சுருங்கிப்போய்விடும், செடியும் இயல்பைவிட ஊதிப்போய் நிற்கும். பொறுமை உள்ளவர்கள் சொந்த வேரில் 4 சென்டிமீட்டர் அளவுள்ள செடி வாங்குங்கள். அந்த அளவில் பூக்கும் வயது வந்திருக்கும். பூ மட்டும் போதாது, விதையும் வேண்டும் என்றால் கட்டாயம் இரண்டு செடி வாங்குங்கள். காரணம் பிறகு.

'சூப்பர் கபுட்டோ', 'ஊய்போ', 'நூடம்' என்ற பெயர்களையும் கேட்பீர்கள். கபுட்டோ என்பது ஆஸ்டீரியாஸுக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர். சூப்பர் கபுட்டோவில் வெள்ளைப் புள்ளிகள் பெரிதாக, நெருக்கமாக இருக்கும். ஊய்போவில் பஞ்சுப் பொட்டுகள் பெரிது. நூடத்தில் புள்ளியே இருக்காது. வளர்ப்பு முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். முதல் செடியாகச் சாதாரண ஆஸ்டீரியாஸே போதும், அதன் பூவும் எதற்கும் குறைந்ததில்லை.

மண்கலவை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் கவனமாகப் படிக்க முடியும் என்றால், இதைப் படியுங்கள்.

நர்சரியில் பெரும்பாலும் கோகோபீட்டில்தான் நட்டிருப்பார்கள். கொண்டுபோய் விற்பதற்கு இலேசாக இருக்கும், அவ்வளவுதான். தென்னை நார்க்கழிவு வெளியே காய்ந்து தெரியும், உள்ளே வேரைச் சுற்றி நாள்கணக்கில் ஈரம் வைத்திருக்கும். ஒரேயடியாகக் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றினால் ஓரமாக வழிந்து கீழே போகும். இரண்டுமே ஆஸ்டீரியாஸுக்கு ஆகாது. செம்மண், தோட்டமண்ணும் வேண்டாம். தொட்டிக்குள் அவை இறுகி, வேருக்குக் காற்றை அடைத்துவிடும்.

என் கலவை இது: செங்கல் சில்லு 4 பங்கு, பருமணல் 3 பங்கு, அடுப்புக்கரித் துண்டு 1 பங்கு, நன்கு மக்கிய இலைஉரம் அல்லது சலித்த மண்புழு உரம் 1 பங்கு. பெர்லைட் (பொரிபோல் இலேசான வெள்ளைக் கல்துகள்) கிடைத்தால் செங்கல் சில்லில் பாதிக்குப் பதில் அதைப் போடலாம். மொட்டை மாடியில் எடையும் குறையும். பியூமிஸ் எனும் நுண்துளை நிறைந்த எரிமலைக் கல் கிடைத்தால் அதைவிடச் சிறப்பு எதுவுமில்லை.

பொருளைவிட முக்கியம் அதன் அளவு. எல்லாத் துண்டும் மிளகு முதல் கொண்டைக்கடலை அளவுக்குள் இருக்க வேண்டும். செங்கல்லை உடைத்ததும் முதலில் மாவுச் சல்லடையில் போட்டுத் தூளை எல்லாம் கழித்துவிடுங்கள். பிறகு தண்ணீரில் அலசி, கலங்கல் போகும்வரை கொட்டுங்கள். எம்-சாண்ட் பயன்படுத்துவதானாலும் இதையே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பொடி, நாளடைவில் அடியில் இறங்கிச் சேறாகப் படிந்து, துளையை அடைத்துக்கொள்ளும். சோம்பலில் இந்த வேலையை விட்டவர்களின் செடிதான் முதல் மழையில் போகும்.

கலந்த பிறகு ஒரு சோதனை: தொட்டியில் நிரப்பி ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றுங்கள். மேலே தேங்காமல், ஊற்றிய வேகத்திலேயே அடியில் கொட்ட வேண்டும். தேங்கி நின்று இறங்கினால் இன்னும் சில்லு சேருங்கள்.

தொட்டியும் நடவும்

ஆஸ்டீரியாஸின் அடிவேர் கிழங்குபோல் தடித்து இறங்கும். ஆகவே ஆழமான தொட்டி தேவை. அகலம் செடியைவிடச் சுற்றிலும் இரண்டு விரல் கூடினால் போதும். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிக் கெடுக்கும். கடலோரப் புழுக்கத்தில் இருப்பவர்களுக்கு மண்தொட்டி நல்லது, பக்கவாட்டிலும் காயும். கோவை, திருச்சி, சேலம் போன்ற உலர்ந்த காற்றில் பிளாஸ்டிக்கும் ஓடும். ஆனால் கறுப்புத் தொட்டியை நேர் வெயிலில் வைக்காதீர்கள், வேர் வெந்துவிடும்.

நடுவதற்கு ஏற்ற காலம் தை, மாசி. மழை ஓய்ந்து, செடி கண்விழிக்கிற நேரம். புதிதாக வாங்கிய செடியாக இருந்தால் மாதம் பார்க்க வேண்டாம், கோகோபீட்டிலிருந்து உடனே விடுவியுங்கள். பழைய கலவையை வேரிலிருந்து பொறுமையாக உதிர்த்து, மிச்சத்தைத் தண்ணீரில் அலசுங்கள். காய்ந்து நூலாய்ப் போன வேர்களைக் கத்தரியுங்கள். அப்புறம் ஐந்து முதல் ஏழு நாள் நிழலில், காற்றாடப் போட்டு வையுங்கள். "செடியை மண்ணில்லாமல் ஒரு வாரமா?" என்று மனசு கேட்காது. ஆனால் வெட்டுப்பட்ட ஈர வேரை நட்டால் அழுகல் அந்த வழியாகத்தான் நுழைகிறது. காயம் ஆறினால் போதும், செடிக்கு ஒன்றும் ஆகாது.

கலவை காய்ந்திருக்கும்போதே நடுங்கள். செடியின் பச்சை உடம்பு கலவைக்கு மேலே இருக்கட்டும். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் உயரத்துக்குச் சிறு கூழாங்கல் பரப்புங்கள். ஈரம் தங்கினால் முதலில் பாதிக்கப்படுவது அந்தக் கழுத்துதான். நட்ட பிறகு இன்னொரு வாரம் தண்ணீர் கூடாது.

வெளிச்சம்

காலை வெயில் பத்து, பத்தரை வரை நேராக. அதன்பின் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே. இதுதான் சமவெளிக்கு ஏற்ற அளவு. கிழக்குப் பார்த்த பால்கனி இருந்தால் வலையே வேண்டாம். வீட்டுக்குள் மேசைமேல் வைக்க ஆசைப்பட்டு வாங்குகிறவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: பூக்காது. நமக்கு வெளிச்சமாகத் தெரிகிற அறை கள்ளிக்கு இருட்டு.

நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்கு மாற்றினால் தோல் வெளுத்துத் தழும்பாகிவிடும், அந்தத் தழும்பு மறையவே மறையாது. இரண்டு வாரமாவது எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். இது அதிகம் நடப்பது ஜனவரியில். இரண்டு மாதம் மேகமூட்டத்தில் இருந்துவிட்டு, பொங்கல் சமயத்தில் திடீரென்று வானம் தெளியும்போது வலையை எடுத்திருந்தால் சுட்டுவிடும். தோலில் செம்பழுப்புச் சாயல் ஏறினால் வெயில் அதிகம் என்று செடியே சொல்கிறது. அப்போதே நிழலைக் கூட்டினால் பழையபடி பச்சைக்குத் திரும்பும்.

தண்ணீர்

வாரத்துக்கு எத்தனை முறை என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் கிடையாது. ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி வையுங்கள். உருவிப் பார்த்தால் குச்சி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்த பிறகு இன்னும் இரண்டு நாள் விட்டு, அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தினமும் ஒரு மூடி தண்ணீர் தெளிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம்: அடிவேர் பட்டினி, கழுத்து மட்டும் எந்நேரமும் ஈரம்.

மாலையில் ஊற்றுவது நல்லது, அதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற செடிகள் பகலில் மூச்சுத் துளைகளைத் திறக்கும். கள்ளி பகலில் மூடிக்கொண்டு, வெயில் தாழ்ந்த இரவில் திறந்து, கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் வெயிலில் அதைச் செலவழிக்கிறது. இரவு குளிர்ந்தால்தான் இந்த வேலை நன்றாக நடக்கும். கத்திரி வெயிலில், இரவிலும் வெக்கை தணியாத நாட்களில், துளைகள் சரியாகத் திறக்காது, வளர்ச்சி நின்றுவிடும். அந்த மூன்று நான்கு வாரம் தண்ணீரைக் கூட்டத்தான் எல்லோருக்கும் கை வரும். குறைக்கத்தான் வேண்டும். செடி சற்றுச் சுருங்கி மண்ணோடு ஒட்டினாலும் பரவாயில்லை. சொந்த ஊரிலும் வறட்சியில் அது அப்படித்தான் தரைக்குள் இறங்கி, மேலே புழுதி மூடிக் கிடக்கும்.

உச்சந்தலையில் ஊற்றாதீர்கள். குருத்துப் பஞ்சு நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், உப்புத் தண்ணீராக இருந்தால் கறையும் படியும். தண்ணீரின் தரம் பெரிய விஷயம். போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் உப்பு மெல்ல மெல்லக் கலவையில் சேர்ந்து வேரைக் கருக்கும். மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்தால் சில செடிகளுக்கு ஆண்டு முழுக்கப் போதும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்லது, அதில் உப்பு இல்லை. ஆர்ஓ கழிவுநீர் மட்டும் வேண்டவே வேண்டாம், வடிகட்டிய உப்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது.

உரம் பெரிதாகத் தேவையில்லை. மாசி முதல் புரட்டாசி வரை மாதம் ஒருமுறை, ஈரக் கலவையில், லிட்டருக்கு அரை கிராம். ஒரு மாதம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமம்), அடுத்த மாதம் 0:52:34 (தழைச்சத்து இல்லாதது) என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். இரண்டுமே விவசாய மருந்துக்கடைகளில் கிடைக்கும்.

மழைக்காலம்

செப்டம்பர் முடிவதற்குள் கூரை தயாராக இருக்க வேண்டும். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் ஷீட் அல்லது யூவி பிளாஸ்டிக் மேலே. நான்கு பக்கமும் திறந்தே இருக்கட்டும். மழையை மறைக்கிறேன் என்று பக்கங்களையும் மூடினால் உள்ளே புழுங்கி, மழையில் நனைந்ததைவிட மோசமாகும். புயல் நாட்களில் சாரல் எந்தப் பக்கமிருந்தும் அடிக்கும், அப்போது செடிகளைச் சுவரோரம் உள்ளே இழுத்து வையுங்கள். ஒரு மழையில் தவறி நனைந்துவிட்டால் பதற வேண்டாம். கலவை சரியாக இருந்தால் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் வைத்தாலே காய்ந்துவிடும். விடாமல் பெய்யும் ஒரு வாரம்தான் கொல்லும்.

அக்டோபர், நவம்பரில் நல்ல வெயில் நாலைந்து நாள் தொடர்ந்து அடிக்கும் என்று தெரிந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர். டிசம்பர் முதல் ஜனவரி கடைசி வரை ஏறத்தாழ எதுவும் வேண்டாம். நம் சமவெளியில் குளிர் போதாது; குளிர் செய்ய வேண்டிய வேலையை இந்த உலர்ந்த ஓய்வு செய்கிறது. ஓய்வு கொடுக்காத செடியும் பூக்கும், ஆனால் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளும்.

மொட்டும் பூவும்

பிப்ரவரியில் முதல் தண்ணீர் கொடுத்த சில வாரங்களில் குருத்தை உற்றுப் பாருங்கள். புதிதாக வந்த பஞ்சுப் பொட்டு ஒன்றின் நடுவில், சாம்பல் நிறத்தில் ஒரு கூரிய முனை எட்டிப்பார்க்கும். செதில் செதிலாக, மயிர் போர்த்திக்கொண்டிருக்கும். அதுதான் மொட்டு. அங்கிருந்து விரிய மூன்று, நான்கு வாரம் ஆகலாம். இந்த நேரத்தில் தொட்டியைத் திருப்பாதீர்கள், இடம் மாற்றாதீர்கள், கலவை பலநாள் எலும்பாய்க் காய்ந்து கிடக்கவும் விடாதீர்கள். மொட்டு கருகி நிற்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றால்தான்.

விரிகிற நாளில் வெயில் ஏறிய பிறகே இதழ் அவிழும். மாலையில் மூடிக்கொள்ளும், மறுநாள் மீண்டும் விரியும். இரண்டு, மூன்று நாள் இப்படி. மேகம் மூடிய நாளில் திறக்காது. பட்டுப்போன்ற மஞ்சள் இதழ்கள், அடித்தொண்டையில் செஞ்சிவப்பு வட்டம், நடுவில் மகரந்தம் அடர்ந்து கிடக்கும். ஐந்து சென்டிமீட்டர் செடியில் அதே அகலத்துக்குப் பூ விரிந்து செடியே தெரியாமல் மறைந்துபோவதும் உண்டு. மார்ச்சில் தொடங்கினால் மழை வரும்வரை விட்டுவிட்டுப் பூக்கும்.

வாடிய பூவைப் பிய்த்து எடுக்க வேண்டாம், தானாகக் காய்ந்து உதிரட்டும். மழைக்கு முன்னால் மட்டும் காய்ந்த சருகுகளைக் கழற்றிவிடுங்கள், ஈரத்தில் அங்கேதான் பூஞ்சை உட்காரும்.

பூச்சி, நத்தை, அழுகல்

மாவுப்பூச்சி நம் ஊரின் நிரந்தர விருந்தாளி. மற்ற கள்ளிகளில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தெடுக்கலாம். ஆஸ்டீரியாஸை அப்படித் துடைத்தால் வெள்ளைப் புள்ளிகள் கூடவே வந்துவிடும். ஒருமுறை போன புள்ளி திரும்ப முளைக்காது. மெல்லிய தூரிகையின் நுனியை ஸ்பிரிட்டில் தொட்டு, பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள், மாலை நேரத்தில். வேப்பெண்ணெய்க் கரைசலும் புள்ளிகளில் கறை ஏற்றும், அதன்மேல் வெயில் பட்டால் தோலும் சுடும்.

காரணமில்லாமல் வளர்ச்சி நின்று செடி மங்கினால் தொட்டியிலிருந்து தட்டி எடுத்துப் பாருங்கள். தொட்டியின் உட்சுவரில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படலம் இருந்தால் வேர் மாவுப்பூச்சி. கலவையை மொத்தமாகக் கொட்டி, வேரைக் கழுவி, உலர்த்தி, புதுத் தொட்டியில் நடுங்கள். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை ஊற்றுவோரும் உண்டு. பூ விரிந்திருக்கும் நாட்களில் அதைத் தொடாதீர்கள், தேனீக்கு விஷம். நத்தைக்கு மழைக்கால இரவுகளில் டார்ச் எடுத்துப்போய்ப் பொறுக்குவதுதான் வழி. அணிலுக்குக் கம்பி வலை.

செடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடி மெத்தென்று ஆகி, நிறம் மஞ்சள் பழுப்பாக மாறினால் அழுகல். தாமதிக்காமல் எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் அடியிலிருந்து மெல்லிய வட்டங்களாகச் சீவிக்கொண்டே வாருங்கள். நடுவில் தெரிகிற நரம்பு வளையத்தில் பழுப்புப் பொட்டு ஒன்றுகூட இல்லாத, சுத்தமான வெள்ளைச் சதை வரும்வரை. ஒவ்வொரு சீவலுக்கும் பிளேடைத் துடையுங்கள். வெட்டுவாயில் கந்தகத்தூள் தடவி மூன்று வாரம் நிழலில் வைத்து மறுபடி வேர்விட விடலாம். ஆனால் ஆஸ்டீரியாஸ் வேர்விடுவதில் பிடிவாதக்காரச் செடி. அதைவிட உடனே டிராகன் பழத் தண்டில் ஒட்டுவது நம்பகமானது. கொழுத்த இளந்தண்டைக் குறுக்கே வெட்டி, விளிம்புகளைச் சரிவாகச் சீவி, இரண்டின் நரம்பு வளையங்களும் ஓரிடத்திலாவது ஒன்றோடொன்று தொடும்படி வைத்து, ரப்பர் பேண்டால் தொட்டியோடு சேர்த்து அழுத்திக் கட்டுங்கள். ஈரம் உலர்வதற்குள் இதை முடிக்க வேண்டும். பத்து நாள் கழித்து ரப்பரைக் கழற்றலாம்.

விதை

ஆஸ்டீரியாஸ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. இரண்டு வெவ்வேறு செடி, ஒரே நாளில் பூத்திருக்க வேண்டும். டெக்சாஸில் இந்த வேலையைக் கள்ளிப்பூக்களையே நம்பி வாழ்கிற தேனீக்கள் செய்கின்றன. இங்கே நாம்தான் செய்ய வேண்டும். நண்பகல் வாக்கில், பூ முழுதாக விரிந்திருக்கும்போது, உலர்ந்த மெல்லிய தூரிகையால் ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றொன்றின் நடுவில் நட்சத்திரமாக விரிந்திருக்கும் சூல்முடியில் தடவுங்கள். பிறகு திருப்பி அதேபோல.

பிடித்துவிட்டால் பூ காய்ந்த பிறகும் அடி பச்சையாக நின்று, மயிர் போர்த்திய காயாகப் பருக்கும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் வெடிக்கும். வெடிக்கும் சமயத்தில் எறும்பு முந்திக்கொள்ளும். காயை ஒரு மெல்லிய வலைத்துணியில் முன்கூட்டியே கட்டிவிடுங்கள். விதைகள் பளபளக்கும் கரும்பழுப்பு, குட்டித் தொப்பி உருவம். புதிதாக இருக்கும்போதே போடுங்கள், பழசானால் முளைப்பு வேகமாகக் குறையும்.

சலித்த மெல்லிய கலவையில் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, விதைகளைப் புதைக்காமல் மேலே பரப்புங்கள். சாஃப் போன்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலை ஒருமுறை தெளித்து, தொட்டியை ஜிப் உறைக்குள் மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். 25 முதல் 30 டிகிரியில் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும், சில விதைகள் மூன்றாம் நாளே. மாசி, பங்குனி இதற்கு அருமையான பருவம். ஒரு மாதம் கழித்து உறையை நாளுக்கு நாள் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். நாற்றுகளுக்குப் பெரிய செடியின் விதி பொருந்தாது: முதல் ஆண்டு முழுக்கக் கலவை முற்றிலும் காயக் கூடாது, நேர் வெயிலும் கூடாது. கூட்டமாக இருந்தால் நன்றாக வளரும் என்பதால் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும்வரை பிரித்து நட அவசரப்பட வேண்டாம்.

சொந்த வேரில் பூக்க நான்கு முதல் ஆறு ஆண்டு ஆகும். ஒரே காயில் வந்த உடன்பிறப்புகளைத் தங்களுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் வீரியம் குறையும், அதனால் வேறு வளர்ப்பவர்களோடு விதையோ மகரந்தமோ மாற்றிக்கொள்ளுங்கள். எந்தத் தொட்டியில் எந்தத் தாய், எந்தத் தந்தை, எந்த மாதம் விதைத்தது என்று அன்றே லேபிளில் எழுதிச் செருகுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் மை நம் வெயிலில் ஒரு கோடைகூடத் தாங்காது.